ஐயுறுவோன் இல்லாத அற்புதங்கள்

தாமே எழுதித் தாமே நூலாக்கி வெளியிடும் இளைஞர் தொகை தமிழில் பெருகி வருகின்றது. அமேசான் நிறுவனத்தார் 2016-ஆம் ஆண்டின் இறுதியில் தமது கிண்டில் வெளியீட்டு முறையைத் தமிழுக்கும் திறந்துவிட்டனர். பிரதிலிபி போன்ற செயலிகள் நாள்தோறும் தொடர்கதைகளை ஏற்றுக்கொள்கின்றன. ஐம்பது படி போதுமென்றாலும் அச்சிட்டுக் கொடுக்க அச்சகங்கள் உள்ளன. இவ்வாறு வெளிவருவனவற்றுள் மாயப் புதினங்களுக்கு, இளைஞர் வழக்கிற் சொன்னால் ஃபேன்டசி நாவல்களுக்கு, ஒரு தனியிடம் உண்டு. நாகருலகம், பறக்கும் அரியணை, ஆயிரமாண்டு உறங்கிய வாள், ஏழு நாடுகளைக் கவர்ந்துகொண்ட இருள்வேந்தன் என இவற்றின் பொருள் விரியும். கடந்த ஈராண்டில் இத்தகைய நூல்கள் பதினொன்று நம் கைக்கு எட்டின. அவற்றுள் நான்கு, நாம் வாழும் கல்லங்குறிச்சியைச் சூழ்ந்த அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்து இளைஞர் எழுதியவை. பதினொன்றையும் முதலிலிருந்து முடிவுவரை படித்தோம். சிலவற்றை முடிக்க ‘ஸப்ரு’ மிகவும் தேவைப்பட்டது.

நூற்பெயர்களையும் ஆசிரியர் பெயர்களையும் இவண் குறிக்கப் போவதில்லை. குறைகள் ஒருவருக்கே உரியவை அல்ல, பலர்க்கும் பொது. மேலும் இவர்களுள் ஒருவர் சிமெண்டு ஆலையில் ஒப்பந்தக் கூலி பெறுபவர். மூன்று மாத ஊதியத்தை அச்சகத்துக்குக் கொடுத்திருக்கிறார். அவருடைய நண்பர்கள் எல்லாரும் ‘அருமை, அபாரம்’ என்று சொல்லியிருக்கின்றனர். ஒருவரேனும் ‘நூற்று இருபதாம் பக்கத்தில் இறந்த குதிரை நூற்று அறுபதாம் பக்கத்தில் எப்படி ஓடுகிறது?’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு அது பேருதவியாய் இருந்திருக்கும். நாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்ததற்கு அந்தக் குதிரையே காரணம்.

தாமே வெளியிட்டமையால் ஒரு நூல் தாழ்ந்துவிடாது. சீறாப்புராணத்தை 1842-இல் அச்சேற்றியவர் புலவர் நாயகம் எனப் போற்றப்பெறும் சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள். பிறர் கொண்டுவருவர் என்று அவர் காத்திருக்கவில்லை. அமெரிக்காவில் கிறிஸ்டஃபர் பவ்லீனி என்பார் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய ‘எரகன்’ என்னும் பறவைநாகக் கதையை 2002-இல் அவருடைய குடும்பத்தாரே வெளியிட்டனர். அடுத்த ஆண்டு நாஃப் என்னும் பதிப்பகம் அதனை ஏற்றுச் செப்பனிட்டுச் சுருக்கிப் புதிதாய் வெளியிட, அது உலகெங்கும் பரவிற்று. இங்கே நாம் நோக்க வேண்டியது அந்தச் செப்பனிட்டுச் சுருக்கிய இடைவேலையையே. நம் முன்னோர்க்கு அரங்கேற்றம் என்ற ஒன்று இருந்தது. அவையோர் தடை எழுப்புவர். புலவர் விடை கூறுவார். விடை கூற இயலாத இடத்தைத் திருத்துவார். மதரஸாக்களில் ‘முகாபலா’ என்பது உண்டு. மாணவர் தாம் பெயர்த்தெழுதிய படியை உரக்கப் படிக்க, ஆசிரியர் மூலத்தை வைத்துக்கொண்டு கேட்பார். ஓர் எழுத்துத் தவறினும் நிறுத்துவார். இவ்விரண்டிலும் நூலுக்கும் உலகுக்கும் இடையே ஒரு காது நின்றது. இந்நாளில் விரலசைவொன்றில் நூல் வெளியாகிவிடுகிறது. காது நின்ற இடம் வெறுமையாய்க் கிடக்கிறது. மாயப் புதினங்களில் நாம் கண்ட குறைகளிற் பெரும்பாலானவை இந்த வெறுமையிலிருந்தே பிறக்கின்றன என்பது நம் கருத்து.

‘இத்தகைய ஜின் கதைகளையும் மாயக் கதைகளையும் நாம் ஏன் பொருட்படுத்த வேண்டும்?’ என்று பெரியோர் சிலர் வினவுவதுண்டு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் ‘மதீனத்துந் நுஹாஸ்’ என்னும் உரைநடைக் கதையை 1858-இல் அரபுத் தமிழில் எழுதினார்கள். ‘தாமிரப் பட்டணம்’ என வழங்கும் அந்நூல், 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்துக்கும் முந்தியது. மார்க்க ஞானத்தில் இமாமுல் அரூஸ் என்று பெயர் பெற்ற ஒருவர் செய்த பணியை நாம் ஒதுக்குவதற்கில்லை. வினவிய பெரியோர்க்கு இது போதும்.

இனி, குறையின் வேரைக் காண்போம். அரபு அணியிலக்கணம் பயின்றோர் அறிந்த பாகுபாடு ஒன்றுண்டு. கேட்போரை மூவகையாகப் பிரிப்பர். ஒரு செய்தியைப் பற்றி எந்த எண்ணமும் இல்லாதவர் ஒருவர். அவரிடம் செய்தியை வாளா சொன்னாற் போதும். ஐயத்தோடு இருப்பவர் மற்றொருவர். ‘முதரத்தித்’ என்று அவரைச் சொல்வர். அவருக்கு ஓர் உறுதிச்சொல் சேர்த்துச் சொல்லுதல் நன்று. மூன்றாமவர் மறுப்பவர், ‘முன்கிர்’; அவருடைய மறுப்பின் வலிமைக்கு ஏற்ப உறுதியையும் மிகுத்துச் சொல்ல வேண்டும். மாயப் புதினத்தின் வாசகர் யார்? அவர் ஐயுறுபவர். குதிரை பறந்தது என்று நாம் சொல்லும்போது அவர் உள்ளத்தில் ‘அப்படியா?’ என்ற வினா எழுந்தே தீரும். கதையை விரும்பியே அவர் கையிலெடுத்திருக்கிறார். எனினும் நம்புவதற்கு ஒரு காரணத்தை எதிர்பார்க்கிறார்.

நம் இளைஞர் இவ்வையத்துக்குத் தரும் உறுதி யாது? உணர்ச்சிக்குறி. ஒரு நூலில் ஒரே பக்கத்தில் பத்தொன்பது உணர்ச்சிக்குறிகளை எண்ணினோம். ‘பயங்கரமான’, ‘கற்பனைக்கும் எட்டாத’, ‘வார்த்தைகளால் விவரிக்க இயலாத’ என்னும் அடைமொழிகள் வரிக்கு வரி வருகின்றன. விவரிக்க இயலாது என்று எழுத்தாளரே கைவிரித்த பின்னர் வாசகர் என்ன செய்வார்? உரத்துச் சொல்லுதல் வேறு, உறுதிப்படச் சொல்லுதல் வேறு. கதையில் உறுதி என்பது நுண்விவரத்தாலும், ஐயுறும் ஒருவன் கதைக்குள்ளேயே இருப்பதாலும், அற்புதத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுப்பதாலும் வருவது.

‘ஆயிரத்தோர் இரவு’களில் வரும் செம்புப் பட்டணத்துக் கதையை எடுத்துக்கொள்வோம். ஸுலைமான் நபி ஜின்களை அடைத்து முத்திரையிட்ட குடங்களைத் தேடி மூஸா இப்னு நுஸைர் தலைமையில் ஒரு கூட்டம் பாலைவழி செல்கிறது. செல்லும் வழியில் ஒரு பட்டணம் எதிர்ப்படுகிறது. மதில் உயர்ந்து நிற்கிறது, வாயில் தென்படவில்லை. ஏணி செய்து ஒருவன் ஏறுகிறான். உச்சியை அடைந்ததும் கைகொட்டி மகிழ்ந்து உட்புறம் குதித்து மாள்கிறான். அடுத்தவனும் அவ்வாறே. அவர்கள் என்ன கண்டார்கள் என்பதைக் கதை சொல்வோன் சொல்லவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நாம் மூஸாவோடு மதிலின் அடியில் நிற்கிறோம். அவரைப் போலவே அஞ்சுகிறோம், ஐயுறுகிறோம். முதியவரான அப்துஸ் ஸமத் இறைநாமத்தை ஓதிக்கொண்டு ஏறிய பின்னரே, உள்ளே நீரும் அழகிய மங்கையரும் இருப்பதாகத் தோன்றிய பொய்க்காட்சி நமக்குத் தெரியவருகிறது. அதற்குள் பல உயிர்கள் விலையாகிவிட்டன. பின்னர் அரண்மனையில் உயிரற்ற அரசியின் திருமேனி அணிகலன்களோடு கிடக்கிறது. ‘வேறு எதனை வேண்டுமாயினும் எடுத்துச் செல்க, மேனியிலுள்ளதைத் தொடாதே’ என்னும் பொருள்பட எழுதிய பலகையும் உண்டு. தாலிப் என்பவன் அச்சொல்லைப் பொருட்படுத்தாமல் அணிகளை எடுக்க முனைகிறான். காவற் பாவைகள் அவனை வெட்டி வீழ்த்துகின்றன. விதி முன்னரே சொல்லப்பட்டது, ஒருவன் மறுத்தான், விலை கொடுத்தான். மூன்றே அடிகளில் அப்பட்டணம் நமக்கு மெய்யாகிவிடுகிறது.

நாம் படித்த பதினொன்றில் எட்டு நூல்களில் தாலிப்பே இல்லை. அற்புதம் நிகழ்ந்தவுடன் அனைவரும் நம்பிவிடுகின்றனர். வானத்திலிருந்து ஒரு தேர் இறங்குகிறது, ஊர் மக்கள் கைகூப்புகின்றனர், கதை நகர்கிறது. ஒரு கிழவியேனும் ‘இது என்ன கண்கட்டு?’ என்று கேட்கமாட்டாளா? கேட்டிருந்தால் அவளோடு சேர்ந்து நாமும் கேட்டு, அவளோடு சேர்ந்து நாமும் நம்பியிருப்போம். சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணைநின்ற படலத்தைப் படித்தோர் வேடனை மறக்கமாட்டார்கள். (அது புனைகதையன்று, காப்பியம் என்பதை நாம் மறக்கவில்லை; சொல்முறையை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.) மான் பேசுகிறது, கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வருவதாக வாக்களிக்கிறது, நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நிற்கிறார்கள். ஆனால் வேடன் எளிதில் இணங்கவில்லை. காட்டுக்குப் போன மான் மீளுமா என்பதே அவன் வழக்கு. மான் கன்றோடு திரும்பி வந்து நிற்கும்போது நம் நெஞ்சு நெகிழ்வதற்கு, அது பேசியது மட்டும் காரணமன்று; வேடனுடைய மறுப்பு அதுவரை நம்மோடு நின்றதே காரணம்.

விக்கிரமாதித்தன் கதையிலும் இதே செய்தியை வேறொரு வகையிற் காணலாம். பெரிய எழுத்துப் பதிப்புகளாகவும், 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவின் வாயிலாகவும் தமிழர் வீடுதோறும் புகுந்த கதை அது. வேதாளத்தின் கட்டளை ஒன்றே: விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும், வாய் திறந்தாலோ பிணம் மீண்டும் மரமேறும். இருபுறமும் கூரான இந்த ஒரே விதி எத்தனை கதைகளைத் தாங்கி நிற்கிறது பாருங்கள்! விதிகளைப் பெருக்குவதால் மாயம் பெருகாது. நாம் கண்ட ஒரு நூலில் ஐந்து பூதங்களுக்கு ஐந்து மந்திரம், ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஏழு படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு மணிக்கல் என்று பதினான்கு பக்கம் விளக்கியிருந்தனர். பள்ளிப் பாடம் போல அதனை மனனம் செய்தோம். பிறகு நாற்பதாம் பக்கத்தில் ஒரு விளக்கை ஏற்றியதற்கே மயங்கி விழுந்த கதைத்தலைவன், இருநூறாம் பக்கத்தில் ஒரு படையையே எரித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். மணிக்கல்லைப் பற்றிப் பேச்சே இல்லை. பவணந்தியார் நன்னூலில் தொகுத்த பத்துக் குற்றங்களுள் மாறுகொளக் கூறல் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மற்றொன்று விரித்தலும் அப்பட்டியலில் உண்டு. ஒன்பது நூல்கள் ‘பன்னெடுங்காலத்துக்கு முன்னர்’ என்று தொடங்கி, கதைத்தலைவன் பிறப்பதற்குள் நான்கு ஊழிகளையும் மூன்று அரசமரபுகளையும் கடக்கின்றன. பிறந்தவுடன் அவன் தோளில் ஒரு மச்சம் இருக்கும். அதனை முன்னரே சொன்ன ஒரு முனிவர் இருப்பார். விதி இவ்வாறு எழுதப்பட்டிருந்தால் அவன் வெல்வது உறுதி. வெல்வது உறுதியென்றால் நாம் அஞ்சுவது எதற்கு?

நீளத்தையே குறையாகச் சிலர் சொல்கின்றனர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகத்தார் 1880-களில் தொடங்கி வெளியிட்ட அமீர் ஹம்ஸா தாஸ்தான் வரிசை 46 பெருந்தொகுதிகள். இரவிரவாக அமர்ந்து கேட்கும் கூட்டத்தை நோக்கிச் சொல்லப்பட்ட மரபு அது. எந்த இடத்தில் கேட்போன் கொட்டாவி விடுகிறான் என்பதைச் சொல்வோன் கண்ணாற் கண்டான். அணியிலக்கணத்தார் பயனோடு விரித்தலை ‘இத்னாப்’ என்று பாராட்டினர். பயனின்றி விரிந்து, எந்தச் சொல் மிகை என்று பிரித்தெடுக்கவும் இயலாதபடி கிடப்பதைத் ‘தத்வீல்’ என்றும், இன்ன சொல் மிகை என்று சுட்டிக் களையத்தக்கதை ‘ஹஷ்வு’ என்றும் வேறுபடுத்தினர். நம் இளைஞர் எழுத்தில் ஹஷ்வு மிகுதி. அது நல்ல செய்தியே. ‘தன் இரு கண்களாலும் பார்த்தான்’ என்பதில் முதல் மூன்று சொற்களைத் தட்டிவிட்டால் முடிந்தது. தத்வீல்தான் கொடிய நோய். போர்க்காட்சிகளில் அதனைக் காணலாம். நாற்பது பக்கம் வாள் மோதுகிறது. யார் எங்கே நிற்கிறார்கள், வெயில் எந்தப் பக்கம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. எந்த வரியை நீக்குவது? எதை நீக்கினும் ஒன்றே.

தொலைவும் அவ்வாறே. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து தஞ்சைக்குச் செல்லும் வீரன் ஒருவன், ஐப்பசி மழையில் விடியலிற் புறப்பட்டு நண்பகலுக்கு முன் தஞ்சைக் கோட்டையை அடைகிறான். கொள்ளிடம் என்ற சொல்லே அவ்வத்தியாயத்தில் இல்லை. கொள்ளிடத்தைக் கடவாமல் அவ்வழி செல்ல முடியாது என்பதை அந்த ஆசிரியர் அறியாதவர் அல்லர்; அவ்வாற்றின் காற்று வீசும் ஊரில் வளர்ந்தவர் அவர். மாயக்குதிரை என்று சொல்லியிருந்தாலும் ஒப்புவோம், அதுவும் சொல்லவில்லை. கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வனை இவர்கள் எல்லாரும் கரைத்துக் குடித்தவர்கள். வந்தியத்தேவனின் குறும்பை எடுத்துக்கொண்டனர்; வீராணத்து ஏரிக்கரையில் அவனைச் சுமந்து வந்த குதிரை நெடுவழி நடந்து களைத்திருந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டனர்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். க்ஸ், த்ஸ், ஸ்ட்ர் எனத் தமிழ் நாவில் ஏறாத மெய்ம்மயக்கங்களை வைத்து அரசர்க்குப் பெயரிடுகின்றனர். அதே அரசருடைய மகள் பெயர் தூய செந்தமிழாக இருக்கிறது. ஒரு குடும்பத்தில் ஒரு மொழி வேண்டாமா? உமறுப் புலவர் மக்கா, மதீனாவை மக்கம், மதீனம் என்று தமிழ் ஓசைக்குள் கொண்டுவந்து அமர்த்திய அழகை இவர்கள் கற்கலாம். பேச்சும் இவ்வாறே தடுமாறுகிறது. ‘யாம் வினவுகிறோம்’ என்ற அரசன் அடுத்த வரியில் ‘சரி விடு, பார்த்துக்கலாம்’ என்கிறான். ஒற்றுப்பிழை, ரகர றகர மயக்கம் முதலியவற்றைப் பற்றி எழுதப் புகுந்தால் இவ்விதழின் பக்கங்கள் போதா.

இவையனைத்தினும் நம்மை வருத்துவது வேறொன்று. நம் வட்டாரத்து நான்கு நூல்களில் மூன்று, பனிமலையிலும் ஊசியிலைக் காட்டிலும் நடக்கின்றன. பனியைத் திரைப்படத்தில் மட்டுமே கண்ட பிள்ளைகள் பனியை எழுதுகிறார்கள். அவர்கள் காலடியில் கிடப்பதை நோக்கவில்லை. பிளான்ஃபோர்டு என்னும் நிலவியலார் 1862-இல் இவ்வட்டாரப் பாறைகளை வகைப்படுத்தி எழுதிய காலந்தொட்டு, உலகத்து அறிஞர் அரியலூரை நாடி வருகின்றனர். இங்குள்ள சுண்ணாம்புக்கல் அடுக்கொன்றுக்குக் கல்லங்குறிச்சி என்னும் நம் ஊர்ப் பெயரையே இட்டு வழங்குகின்றனர். ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாய்க் கிடந்த அடுக்கு அது. சிப்பிகள் கல்லாகிச் செறிந்து கிடக்கின்றன. அதனை வெட்டியெடுத்தே சிமெண்டு ஆக்குகிறோம். நம் வீட்டுச் சுவரில் கடல் இருக்கிறது! பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாகிக் கிடப்பதை எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்தார். கல்லமேட்டில் 1980-களில் ஒரு மாபெரும் விலங்கின் எலும்புகளைக் கண்டு, ‘ப்ருஹத்காயோசாரஸ்’ என்று அதற்குப் பெயரும் இட்டனர். எலும்புகள் பின்னர் உதிர்ந்து போயின. அவ்விலங்கின் அளவைப் பற்றி அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். அற்புதமும் ஐயமும் ஒருங்கே கிடக்கும் மண் இது.

ஸகரிய்யா அல்-கஸ்வீனி (மறைவு 1283) படைப்பின் அற்புதங்களைப் பற்றி எழுதிய நூலின் தொடக்கத்தில், வியப்பு என்பது ஒன்றன் காரணத்தை அறியமாட்டாமையால் மனிதனுக்கு உண்டாகும் திகைப்பு என்கிறார். அதற்கு அவர் காட்டும் சான்று தேன்கூடு. முன்பின் கண்டிராத ஒருவன், இத்தனை சிறிய உயிர் இத்தனை ஒழுங்கான அறுகோண அறைகளை எவ்வாறு கட்டியது என்று திகைப்பானாம். கடல்நாகத்தையும் விந்தைத் தீவையும் அந்நூல் பின்னரே சொல்கிறது. தேன்கூட்டைக் கண்டு திகைக்கத் தெரிந்தவனுக்கே நாகத்தைச் சொல்லும் தகுதி உண்டாகிறது போலும்.

நான்காவது நூல் ஒன்று எஞ்சியுள்ளது. முன்னர்ச் சொன்ன ஒப்பந்தக் கூலியாளர் எழுதியது. இறந்த குதிரை ஓடும் நூலும் அதுவே. அதன் மூன்றாம் அத்தியாயத்தைப் பல முறை படித்தோம். சுரங்கத்தில் வெடி வைத்த பின்னர்ப் புகை அடங்குகிறது. கல்லுடைப்போன் ஒருவன் உள்ளங்கை அகலமுள்ள சிப்பியொன்றை எடுத்துத் துடைத்துக் காதில் வைக்கிறான். அலை ஓசை கேட்கிறது. மேற்பார்வையாளரை அழைத்துக் கேட்கச் சொல்கிறான். அவர் காதில் வைத்துப் பார்க்கிறார், ஒன்றுமில்லை. ‘வெடிச் சத்தத்தில் உன் காது போய்விட்டது’ என்று சொல்லி, வேலையை நிறுத்தியதற்காக அரைநாட் கூலியைப் பிடித்துக்கொள்கிறார். அவன் சிப்பியைச் சோற்றுத் தூக்கில் மறைத்து வீட்டுக்குக் கொண்டு போகிறான். உணர்ச்சிக்குறி ஒன்றுகூட இல்லை. மறுப்பவரும் இருக்கிறார், விலையும் இருக்கிறது. சோற்றுத் தூக்கில் இருந்து ஓசை கேட்டுக்கொண்டே இருப்பதாக நாம் நம்பிவிட்டோம்.

நான்காம் அத்தியாயத்தில் கடலரசன் பொற்றேரில் வந்திறங்குகிறான். மாவட்ட ஆட்சியர் முதல் எல்லாரும் வணங்குகின்றனர். மேற்பார்வையாளர் அதன்பின் நூலில் எங்கும் வரவில்லை. அவர் சிப்பியைத் தனியே ஒருமுறை தேடிப் போயிருப்பாரா, பிடித்த அரைநாட் கூலியைத் திருப்பிக் கொடுத்தாரா என்பவற்றையெல்லாம் அறிய விரும்பினோம். இரண்டாம் பாகம் எழுதி வருவதாகவும், மார்கழிக்குள் அச்சுக்குக் கொடுக்கவிருப்பதாகவும் ஆசிரியர் தெரிவித்தார். அச்சகத்துக்கு அனுப்புமுன் ஒருநாள் வந்து நம்மிடம் உரக்கப் படித்துக் காட்டுமாறும், மேற்பார்வையாளரை மறவாதிருக்குமாறும் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம்.